இடம்புரி

மூடிவிட்ட தொழிற்பள்ளியின் ஏலத்தில்
என்னைத் தவிர யாரும் கை தூக்கவில்லை.
நானூறு கிலோ லேத்.
கராஜுக்குள் இறக்க
டிப்போவிலிருந்து அக்ரிஸும் நான்கு பேரும் வந்தார்கள்.
ஆளுக்கு இரண்டு பீர் கேட்டார்கள்,
எதற்கு, ட்ஸிந்த்ரா, என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

லீபாயாவில் ஒரே ஒரு ட்ராம் பாதை.
பதினாறு வருடமாய் அதன்மேல் போய்த் திரும்புகிறேன்.
ட்ராமுக்கு ஸ்டியரிங் கிடையாது.
தண்டவாளம் நினைத்த இடத்தில் வளைவேன்.

இரவு பத்தரைக்கு
பெயின்ட் டப்பாவில் போனைச் சாய்த்து வைக்கிறேன்.
அவன் முகம் ஒருமுறைகூட வந்ததில்லை.
பழுப்புச் சட்டையின் முழங்கைவரை இரண்டு கைகள்,
பின்னால் எங்கோ ஒரு நாய்.
ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பேச்சு.
போன் அதைத் தானே லாட்விய மொழியாக்கிக்
கீழே ஓடவிடுகிறது:
"கத்தி அரட்டை அடித்தால் வேகத்தைக் குறையுங்கள்."
"இறந்த மையத்துக்கு எண்ணெய் கொடுங்கள்."
"பிரிவு கடினமானது. அவசரம் வேண்டாம்,
பாதியில் நின்று தயங்கவும் வேண்டாம்."

இதில் எது இரும்பைப் பற்றியது என்று புரிய
மூன்று வாரம் ஆனது.

முதல் நாள் சக்கிலேயே சாவியை விட்டுவிட்டு
சுவிட்சைத் தட்டினேன்.
காதருகே பறந்துபோய்
உருளைக்கிழங்கு மூட்டைக்குள் புதைந்தது.
இரண்டாம் நிமிடத்திலேயே அவன் சொல்லியிருக்கிறான்.
முன்னுரை என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தேன்.
அந்த வாரம் முழுக்க சூப்பில்
கிரீஸ் வாசம் என்றான் மகன் ரைவிஸ்.

பிறகு பழகிற்று.
நீலமாய்ச் சுருண்டு வருவதைக் கையால் தொடக்கூடாது.
டயலில் பத்து தள்ளினால் விட்டத்தில் இருபது குறையும்.
சூடாக இருக்கையில் அளந்தால் இரும்பு பொய் சொல்லும்.
திருகைப் பின்னால் திருப்பினால்
உடனே திரும்பி வராது,
கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றிய பிறகுதான்
சொன்னது கேட்கும்.

முப்பத்தொன்றாம் பாகம்.
கைகளைத் துணியில் துடைத்தான்.
"அடுத்த பாகத்தில் புரி வெட்டுவோம்."

அடுத்த பாகம் இல்லை.
நான்கு வருடமாக இல்லை.
அந்த நாயைப் பற்றிக்கூட யோசித்துப் பார்த்தேன்.

வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளை மேசை,
பின்னணி இசை, நகத்தில் அழுக்கில்லாத விரல்கள்.
இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன்.

நவம்பரில், கடல்காற்று கராஜ் கதவை
உலுக்கிக்கொண்டிருந்த இரவில்,
கியர்களை மாற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு
தனியாகவே வெட்டினேன்.
ஏழு முறை கத்தி உள்ளே, ஏழு முறை வெளியே.
பிசிறில்லை. நகத்தால் வருடினால்
சீப்பின் பல்போல் சத்தம்.
நட்டைப் போட்டேன். ஏறவில்லை.
திருப்பிப் போட்டேன். ஏறவில்லை.

விளக்கடியில் பிடித்தபோதுதான் தெரிந்தது.
ஒரு நெம்புகோலை
மேலே தள்ளவேண்டிய இடத்தில் கீழே தள்ளியிருக்கிறேன்.
புரி இடப்பக்கமாய் ஓடுகிறது.

டப்பாவில் உள்ள எந்த நட்டும் இதற்குச் சேராது.
கழிவு வாளியில் போட எழுந்தேன்.
உள்ளங்கையில் இன்னும் கதகதப்பாய் இருந்தது.
திரும்ப உட்கார்ந்து
இதற்கென்று ஒரு நட்டைக் கடைய ஆரம்பித்தேன்.
அது இன்னும் சிரமம்.
துளைக்குள் கத்தி போனபின் கண்ணுக்கு வேலையில்லை,
காதை வைத்துத்தான் வெட்டவேண்டும்.
மூன்று இரவு. இரண்டு நட்டு பாழ்.

காலை ஐந்து நாற்பது, முதல் ட்ராம்.
சந்தை வளைவில் சக்கரம் கீச்சிடுகிறது.
அரட்டை, என்று முணுமுணுத்தபடி
வேகத்தைக் குறைக்கிறேன்.
கோட்டுப் பையில் அந்த ஜோடி.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
ஒரு சுற்றுக் கழற்றி ஒரு சுற்று மாட்டுகிறேன்.
கை இன்னமும்
முதலில் தப்பான பக்கம்தான் போகிறது.